பிரிக்காத பெட்டி

சந்தேகம் சார் எதையும் எடுத்த எடுப்பில் நம்பமாட்டார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

அவர் வேலை பார்ப்பது பழைய பொம்மைகளை வாங்கி விற்கும் கடையில். பழைய பொம்மை என்றதும் காது பிய்ந்த கரடியை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு காலத்தில் தொலைக்காட்சியில் ஓடிய விண்வெளித் தொடர்களின் ரோபோக்களும் விண்கலங்களும்தான் அங்கே சரக்கு. வாங்க வருகிறவர்கள் மீசை நரைத்தவர்கள். சொந்தக் கல்யாணத்துக்கு மோதிரம் பார்த்தபோதுகூட இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கமாட்டார்கள், அப்படிப் பார்ப்பார்கள். அவர்கள் கண்ணில் படாதது சார் கண்ணில் படும்.

கடைக்குப் பின்னால் ஜன்னல் ஓரமாக அவருடைய அறை. மேஜைமேல் வெள்ளைத் துணி, கழுத்தை வளைக்கக்கூடிய விளக்கு, பூதக்கண்ணாடி, சின்னத் தராசு, ஊதா வெளிச்சம் அடிக்கும் ஒரு டார்ச். அந்த வெளிச்சத்தில் தொழிற்சாலைப் பசை மங்கலாகத் தெரியும், பிறகு ஒட்டிய பசை பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். பொம்மையை அவர் கையைப் பிடித்தோ தலையைப் பிடித்தோ தூக்கமாட்டார். ஒரு கை முதுகுக்கு அடியில் போகும், இன்னொரு கை இடுப்புக்குக் கீழே. படுக்கையில் கிடப்பவரைத் தூக்கும் முறையும் அதுதான். அதையும் அவர் செய்தவர்தான்.

பார்த்து முடித்ததும் நான்கில் ஒரு தரம் சொல்வார். பிரிக்காதது, பிரித்தது, விளையாடியது, உடைந்தது. சொன்னால் சொன்னதுதான். கெஞ்சினாலும் ஒரு படி ஏற்றமாட்டார்.

"சார், நீங்க டாக்டரா போயிருந்தா ஒருத்தரையும் நல்லா இருக்கீங்கன்னு சொல்லியிருக்கமாட்டீங்க" என்பார் பேக்கிங் அக்கா. கடையில் பார்சல் கட்டுகிறவர். வாயில் டேப்பைக் கடித்துக்கொண்டே பேசுவார்.

"நல்லா இருக்கறவன் ஏன் டாக்டர்கிட்ட வர்றான்?" என்பார் சார்.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால் அவர் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். வாளி, மக், சோப்பு டப்பா. கோணலாக வந்ததை எடுத்து ஓரமாகப் போடுவது வேலை. அந்தக் கண் வீட்டிலும் மூடவில்லை. கடையில் ஒரு வாளி வாங்கப் போனால் அடுக்கியிருக்கும் அத்தனை வாளியையும் இறக்கச் சொல்லுவார். மனைவி இரண்டு கடை தள்ளி நின்றுகொண்டு, யாரோ என்னவோ என்பதுபோல் வேடிக்கை பார்ப்பார்.

பொம்மைகளை அந்தக் காலத்திலேயே சேர்க்க ஆரம்பித்துவிட்டார். எல்லாம் பிரிக்காத பெட்டிகள். கண்ணாடி அலமாரிக்குள் நிற்கும். மனைவி நோயில் விழுந்தபோது ஒவ்வொன்றாக விற்றார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆள் வைத்துக்கொள்ளாமல் அவரே பார்த்துக்கொண்டார். வேளை தவறாமல் புரட்டிப் படுக்கவைத்தார், முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. இது சாதாரண விஷயம் இல்லை. கூலிக்கு வருகிறவர்களே அசந்துவிடுகிற இடம் அது.

கடைசி நாட்களில் அந்த அம்மாள் ஒருமுறை, "அந்த ரோபோவை மட்டும் விக்காதீங்க. அது நம்ம பொண்ணோடது. அவகிட்டயே குடுத்துடுங்க" என்றார். சரி என்று மகளிடம் பெட்டியைக் கொடுத்து அனுப்பினார். அலமாரி காலியானது. கொஞ்ச நாளில் கட்டிலும் காலியானது.

இப்போது வீட்டில் அவர் மட்டும். ஒரே தட்டு, ஒரே டம்ளர், கழுவிக் கழுவி அதிலேயே சாப்பாடு. மற்ற பாத்திரங்கள் மேல்தட்டில் கவிழ்ந்து கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை மகள் வேறு ஊரிலிருந்து போன் செய்வாள்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. அங்க மழையா?"

"தூறுது. அங்க?"

"வெயில்."

வானிலை நிலையத்தில் வேலை பார்க்கும் இருவர் தகவல் பரிமாறிக்கொள்வதுபோல இருக்கும். பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம். பிறகு "சரிப்பா", "சரிம்மா". இதற்குச் சண்டை, சச்சரவு என்று எந்தக் காரணமும் கிடையாது. சண்டை இருந்தாலாவது பேச ஏதாவது இருந்திருக்கும்.

ஒருதரம் "லீவு கிடைச்சா வர்றேன்" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். மறுநாளே அவர் போய்ப் புதுத் தலையணை ஒன்று வாங்கிவந்தார். லீவு கிடைக்கவில்லை. தலையணை பிளாஸ்டிக் உறையோடு உள்ளறைக் கட்டிலில் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வானிலை முடிந்த பிறகும் அவள் போனை வைக்கவில்லை.

"அப்பா, நான் வீடு மாத்துறேன். புது வீடு சின்னது. அந்த ரோபோவை வித்துடலாம்னு பாக்கறேன்."

"எந்த ரோபோ?" என்றார், தெரியாதவர்போல.

"என்னமோ நம்ம வீட்ல ரோபோ வரிசை கட்டி நின்ன மாதிரி கேக்கறீங்க. தொரான்பா."

தொரான் ஒரு விண்வெளித் தொடரில் வந்த சாம்பல் நிற ரோபோ. பேசாது. மார்பில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும், கலத்தில் இருப்பவர்கள் அதைப் பார்த்து அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டும். அந்தத் தொடருக்காக அடம்பிடித்து அழுத வயதில் மகளுக்கு அவர் வாங்கிக்கொடுத்தது. கொடுத்த கையோடு சொன்ன வார்த்தையும் அவருக்கு ஞாபகம் இருந்தது. "பிரிக்கக் கூடாது. பிரிச்சா மதிப்பு போயிடும்." முன்பக்கத்தில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த பெட்டி அது. குழந்தை வெளியே, ரோபோ உள்ளே. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு குழந்தைக்குப் பொம்மை வாங்கிக்கொடுத்து அதைத் தொடாதே என்று சொல்ல, பொம்மையைப் பற்றி எல்லாம் தெரிந்த ஆளால்தான் முடியும்.

"பிரிக்காமதானே வச்சிருக்க?"

"நீங்கதானே அதுக்கெல்லாம் ஆளு. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"அப்ப எடுத்துட்டு வாயேன். ரெண்டு நாள் இருந்துட்டு..."

"கடைக்குக் கூரியர்ல அனுப்பிடறேன்பா."

அவருக்கும் அவளுக்கும் இடையில் மிச்சமிருந்த ஒரே பொருள் அது. அதைச் சாக்காக வைத்தாவது அவள் வருவாள் என்று நினைத்தார். பொருள் மட்டும் வரப்போகிறது. விற்றுவிட்டால் அதுவும் இல்லை.

பார்சல் வந்த அன்று முதலாளி குஷியாக இருந்தார். முதலாளி சின்ன வயதுக்காரர், சாரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணே, பிரிக்காத தொரானுக்கு ஒருத்தர் எத்தனை வருஷமா என் உயிரை எடுத்துட்டு இருக்காரு தெரியுமா? இன்னிக்கே போன் போட்டுடறேன்."

"பாக்கறதுக்கு முன்னாடி யாருக்கும் போன் போடாதே."

"உங்க வீட்டுப் பொருளையே நம்பமாட்டீங்களா?"

"பொருளுக்கு வீடு ஏது?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

முன்பக்கம் சுத்தம். மூலைகள் மழுங்கவில்லை. மேல் மூடியில் தொழிற்சாலையின் வட்ட முத்திரை ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. அவர் முகத்தில் லேசாகப் பெருமைகூட வந்தது. பிறகு பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தில் டார்ச்சை அடித்தார்.

பளிச்சென்றது.

பழைய டேப்பை பிளேடால் நேராக அறுத்து, அதன்மேலேயே வேறு டேப் ஒட்டியிருந்தது. அறுத்த கை பழகிய கை, பிசிறு இல்லை. டேப்பின் மேல் டேப்பாக அடுக்கு அடுக்காக இருந்தது. ஒருமுறை திறந்த பெட்டி இல்லை இது.

வேறு யாருடைய பெட்டியாக இருந்தாலும் அந்த இடத்திலேயே 'பிரித்தது' என்று சொல்லி முடித்திருப்பார். இப்போது அடிமூடியைத் திறந்து உள்ளே இருந்த பிளாஸ்டிக் தட்டை மெதுவாக இழுத்தார்.

இந்த ரோபோக்களைத் தட்டோடு சேர்த்து மணிக்கட்டிலும் கணுக்காலிலும் மெல்லிய கம்பியால் முறுக்கியிருப்பார்கள். முறுக்குவது இயந்திரம். எல்லா முறுக்கும் வலது பக்கமாக, ஒரே சீராக இருக்கும். இதில் எல்லாமே இடது பக்கம், ஏனோதானோவென்று. வலது மணிக்கட்டில் இருந்தது தொழிற்சாலைக் கம்பியே இல்லை. ரொட்டிப் பாக்கெட்டின் வாயைக் கட்டிவரும் வெள்ளைக் கம்பி. வெள்ளை தெரியக் கூடாது என்று யாரோ பேனா மையால் கறுப்பு அடித்திருந்தார்கள். பழைய கம்பி முறுக்கி முறுக்கிப் பிரித்து அறுந்துபோயிருக்க வேண்டும். ஒரு கம்பி அறுந்துபோக எத்தனை தரம் முறுக்க வேண்டும் என்பது சாருக்குத் தெரியும்.

கம்பிகளை அவிழ்த்து, முதுகுக்கு அடியில் ஒரு கை கொடுத்து எடுத்தார். தலையின் கொம்பு நுனியில் பல் தடம், குட்டிப் பல். கால் இரண்டிலும் குதிகால் வெளுத்துத் தேய்ந்திருந்தது, தரையில் நடக்கவைத்தது. மார்பில் விளக்குக்குப் பக்கத்தில் சாம்பல் வண்ணம் கட்டைவிரல் அகலத்துக்குப் போயிருந்தது. திருப்பினார். முதுகில் பேட்டரி மூடியின் சின்னத் திருகாணி, தலை சிதைந்து கிடந்தது. அளவு சரியில்லாத ஸ்க்ரூ டிரைவர் வைத்துத் திருகியது.

அந்த ஸ்க்ரூ டிரைவர் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடி முடுக்க அவர் வைத்திருந்தது. ஒருநாள் நுனி வளைந்து கிடந்தது. மனைவியிடம் பெரிய சத்தம் போட்டார். "கைதவறிப்போச்சு" என்றுவிட்டு அந்த அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

உலகத்தில் உள்ள பெட்டியையெல்லாம் சந்தேகப்பட்டவர் தன் வீட்டு அலமாரியில் இருந்த பெட்டியைச் சந்தேகப்படவில்லை. தினமும் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் அதைத்தான் பார்ப்பார். தொட்டால் மதிப்பு குறையும் என்பதால் தொடமாட்டார். முன்பக்கம் சரியாக இருந்தது. அடிப்பக்கத்தை எவன் பார்த்தான்?

பேக்கிங் அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு டீயோடு வந்தார். "என்ன சார், ஆபரேஷன் முடிஞ்சுதா? பொழைக்குமா?"

"பல் தடம் இருக்கு."

"எலியா?"

"என் பொண்ணு."

அக்கா கடகடவென்று சிரிக்க ஆரம்பித்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விழுங்கிக்கொண்டு, டீயைத் துணியில் படாமல் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

முதலாளி உள்ளே வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஆனால் வியாபாரி, சீக்கிரம் தேறிவிட்டார்.

"பரவால்லண்ணே. கொம்பு நம்மகிட்ட உதிரியில இருக்கு, மாத்திடுங்க. குதிகாலைத் தேச்சு வண்ணம் குடுங்க, நெஞ்சுக்கும் ஒரு பூச்சு. உங்க கைக்கு ஒரு மத்தியான வேலை. புதுப்பிச்சதுன்னு உண்மையைச் சொல்லியே விக்கலாம். அவருக்குப் பார்வைக்குப் புதுசா இருந்தாப் போதுமாம்."

"உடையவங்களைக் கேக்கணும்."

"உடையவங்க உங்க பொண்ணுதானே? அப்பாவுக்கு இல்லாத உரிமையா?"

சார் போனை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். காலி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்று, கிழமை எதுவும் பார்க்காமல் மகளை அழைத்தார்.

"அப்பா? என்னாச்சு? உடம்பு சரியில்லையா?" குரல் பதறியது. ஞாயிறு அல்லாத நாளில் அவர் கூப்பிட்டது அம்மா போன அன்றைக்குத்தான்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தொரான் வந்துருச்சு."

"ஓ."

"அடியில டேப் அறுத்திருக்கு."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"கம்பியெல்லாம் இடது பக்கமா முறுக்கியிருக்கு."

"இடது கைக்காரிக்கு வேற எப்படி வரும்?"

"வலது கையில ரொட்டிப் பாக்கெட் கம்பி."

"அது அம்மா ஐடியா" என்றாள்.

சார் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். அது அமுங்கியது. "அம்மாவுக்குத் தெரியுமா?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் போனில் கேட்டதில்லை. "தெரியுமாவா? டேப்பை அறுத்ததே அம்மாதான்பா. வாங்கிட்டு வந்த மறுநாளே. ஸ்கூல் விட்டு வந்தா மத்தியானம் முழுக்க விளையாட்டுதான். அம்மா துணி மடிச்சிட்டே பால்கனியில நிப்பாங்க. உங்க வண்டி தெருமுனையில திரும்பறது தெரிஞ்சதும் 'பால் பொங்குது, பால் பொங்குது'ன்னு கத்துவாங்க. அவ்வளவுதான், சித்தப்பா பெட்டிக்குள்ள போயிடுவாரு."

"யாரு சித்தப்பா?"

"தொரான்தான். அப்பா சாயந்தரம் வருவாரு, சித்தப்பா மத்தியானம் வருவாரு. நான் வச்ச கணக்கு."

அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை.

பால் பொங்குகிறது என்ற குரல் அவருக்கு நன்றாகக் கேட்டது. மாடிப்படி ஏறும்போதெல்லாம் கேட்ட குரல்தான். என் பொண்டாட்டிக்கு ஒரு நாளும் பாலைப் பார்த்து இறக்கத் தெரியாது என்று தொழிற்சாலையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறார். பெரிய பாத்திரமாக ஒன்று வாங்கியும் கொடுத்தார். அதையும் எல்லாக் கோணத்திலும் பார்த்துத்தான் வாங்கினார். அடுப்பு அவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

தனிமை மனைவி போன பிறகு வந்தது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மூன்று பேர் இருந்த வீட்டிலும் அவர் வெளியே நின்ற ஆள்தான்.

"அப்பா? இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"கோவமா?"

"இல்லம்மா" என்றார். "கொம்பைக் கடிச்சிருக்கியே, ஏன்?"

"பல்லு ஆடிட்டிருந்துச்சுன்னு நினைக்கறேன். இப்ப யாருக்கு ஞாபகம்." பிறகு ஆபீஸ் குரலுக்கு மாறினாள். "சரி, போகுமா, போகாதா?"

"பிரிக்காம இருந்திருந்தா நல்லாப் போயிருக்கும். இப்பவும் ஆள் இருக்கு. ஆனா பல் தடத்தை எடுக்கணும், காலைத் தேய்க்கணும், நெஞ்சுல வண்ணம் அடிக்கணும்."

"அப்ப பண்ணிடுங்க. நீங்கதான் அதுல கெட்டிக்காரர் ஆச்சே."

கெட்டிக்காரர்தான். ஒரு மத்தியான வேலை. அதற்குப் பிறகு அந்தப் பொம்மையில் அவர் மகள் இருந்ததற்கு அடையாளமே இருக்காது. முப்பது வருஷம் இதைத்தான் செய்தார், கோணலைக் கண்டால் எடுத்து ஓரமாகப் போட்டார்.

"விக்க வேணாம்மா" என்றார்.

"ஏன்?"

அவருக்குத் தெரிந்த வார்த்தையைச் சொன்னார். "நான் இன்னும் முழுசாப் பாத்து முடிக்கல."

அந்தப் பக்கம் யாரோ அவளை வேலைக்குக் கூப்பிடும் சத்தம் கேட்டது. "சரி, பாருங்க" என்றாள்.

"நீ வந்து எடுத்துட்டுப் போ. கூரியரெல்லாம் சரிப்படாது."

"பாக்கலாம்பா. லீவு கிடைக்கணும்." வைக்கப் போனவள் நின்றாள். "என்ன தரம் போடுவீங்க?"

"விளையாடியது."

"அதுக்குக் கீழ எதுவும் இல்லையா?"

"இருக்கு. உடைஞ்சது."

"அப்பாடா. பாஸ் பண்ணிட்டேன்" என்றாள். போன் நின்றது.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, வீடு தேடி வர்ற லட்சுமியைக் கதவைச் சாத்தி அனுப்பறீங்களே" என்றார். காத்திருந்த ஆளிடம் என்ன சொல்வது என்று புலம்பினார். தரம் குறைவு என்று சொல், அதுதான் உண்மை என்றார் சார். பேக்கிங் அக்கா பெட்டிக்குப் புது டேப் ஒட்ட வந்தபோது வேண்டாம் என்று தடுத்துவிட்டார். ரோபோவைத் தனியாக ஒரு துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தார். ஒரு பொம்மையை அப்படி யாரும் அந்தக் கடையிலிருந்து எடுத்துப்போனது இல்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் பழக்கத்தில் கண் அலமாரிக்குப் போனது. காலி அலமாரி. உள்ளறைக்குப் போய்த் தலையணையின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார். வாங்கியதிலிருந்து கிடந்து கிடந்து அமுங்கியிருந்தது, இரண்டு தட்டுத் தட்டி வைத்தார். அவள் வருவாளா என்பது வேறு விஷயம். தலையணை மூச்சுவிடட்டும்.

அடுப்பில் பாலை வைத்தார். அது காய்வதற்குள் தொரானுக்கு பேட்டரி போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தார். திருகாணி வழுக்கியது. மூடியைத் திறந்து, கசிந்திருந்த பழைய பேட்டரியை எடுத்து, துருவைச் சுரண்டி, சுவர்க் கடிகாரத்தில் இருந்ததைக் கழற்றிப் போட்டார். நல்லவேளையாக அளவு பொருந்தியது. மார்பு விளக்கு எரியவில்லை. ஒரு தட்டுத் தட்டியதும் மங்கலாகச் சிவந்தது.

மேஜைமேல் நிறுத்தினார். நின்றது. நடக்கவைக்க எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தார், வீட்டில் யாரோ இருப்பதுபோல. பிறகு தேய்மானத்தைப் பார்த்து விரலை வைத்துப் பார்த்தார். வலது கை பொருந்தவில்லை. இடது கைக்கு மாற்றினார். கட்டைவிரல் வண்ணம் போன இடத்தில் போய் உட்கார்ந்தது. குழந்தை விரலின் இடம் அது, அவர் விரல் விளக்கையும் சேர்த்து மறைத்தது. கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். குதிகாலை இழுத்தாற்போல் ஒரு அடி வைத்தார். மேஜையில் கரகரவென்று சத்தம் வந்தது. இப்படித்தான் தேய்ந்திருக்கிறது. இன்னொரு அடி. மேஜை விளிம்பு வரை போய்த் திருப்பிக்கொண்டு வந்தார். திருப்பும்போது கொம்பு வாய்க்குப் பக்கத்தில் வந்தது. அதையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் பால் ஞாபகம் வந்தது.

ஓடிப் போவதற்குள் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, தீயை அணைத்து, மேடையிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. கேஸை மூடினார். ஜன்னலைத் திறந்தார். அந்த வீட்டில் பால் உண்மையாகப் பொங்கியது அன்றைக்குத்தான், குரல் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

துணியை நனைத்துக்கொண்டு துடைக்க ஆரம்பித்தார். காய்ந்த பால் லேசில் போகாது. ஊறவிட்டுத் துடைக்க வேண்டும்.